மீதமிருந்த இரண்டு தாண்டல்கள்

முத்துராமன் மணலில் கிழித்த கோட்டின் ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, "வா" என்று மனைவிக்குக் கையைக் காட்டினான். அரிமளம் பள்ளிக்கூட மைதானத்தில் இன்னும் வெயில் விழவில்லை. சுடர்விழி ஓடி வந்தாள். வலது காலை ஊன்றும் வரை எல்லாம் அவள் சொன்னபடிதான் கேட்டது: மூச்சு, தொடை, கைவீச்சு. ஊன்றி எம்பிய அந்த நொடியில் அடிவயிற்றுக்குக் கீழே சூடாக நனைந்தது. காற்றில் இருக்கும்போதே தொடைகளைச் சேர்த்து இறுக்கினாள். இறுக்கிய கால் முன்னால் நீளாது. செங்கல்லுக்கு வெகுமுன்னாலேயே விழுந்தாள்.

"என்ன சுடரு, நேத்தையவிடக் கொறையுது."

"முட்டி வலிக்குதுங்க."

அவன் செங்கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை. கறுப்புக் கால்சட்டை, உள்ளே இரண்டு நாப்கின். அப்படியும் நம்பிக்கை இல்லை. கையால் மணலை அள்ளித் தொடையிலும் பின்பக்கத்திலும் பூசிக்கொண்டாள். ஈரத்தில் மணல் ஒட்டினால் வேர்வை என்று நினைத்துக்கொள்வான். அவன் போனை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிய பிறகுதான் எழுந்தாள். எழும்போது அந்த இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்ல வார்த்தை இல்லாதது. ஏதோ ஒன்று கீழே இறங்கி, வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பது போன்ற கனம்.

காவலர் எழுத்துத் தேர்வுக்கு அவள் படித்தது மகள் ஹரிணி வயிற்றில் இருந்தபோது. பரீட்சை எழுதியது நிறைமாதத்தில். பெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடம் போதாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினாள். பாஸாகிவிட்டாள் என்று தெரிந்த அன்று முத்துராமன் தன் மெக்கானிக் கடைக்கு வந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் "போலீஸ்காரம்மா எப்படி இருக்காங்க" என்றுதான் விசாரித்தார்கள். உடற்திறன் தேர்வுதான் பாக்கி. அதைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவள். வீட்டுக்குள் நடக்கும்போதே அவளுக்குக் கால் மெல்ல எகிறும் என்று அவள் அம்மா சொல்லுவாள். மற்றவர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தெரிந்துகொள்வார்கள் என்றால், சுடர்விழி ஓடும்போதுதான் தன்னைத் தெரிந்துகொண்டவள்.

பிரசவம் நீண்டது. ஒரு பகல், ஒரு இரவு. கடைசியில் பிள்ளையின் தலையில் கருவி வைத்து இழுத்து எடுத்தார்கள், தையல் போட்டார்கள். தையல் ஆறிவிட்டதா என்று பார்த்தார்கள், ஆறியிருந்தது. தும்மினால், இருமினால், பிள்ளையைத் தூக்கினால் நனைகிறதா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனில் தேடி ஒரு வீடியோவைப் பார்த்தாள். ஒரு பெண் பாயில் படுத்து, "இறுக்குங்கள், விடுங்கள்" என்று சிரித்தபடி சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்கச் செய்தாள். கனம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குடித்தால்தானே ஒழுகும். பால் குறைந்தது. பிள்ளை மாரைப் பற்றி இழுத்துவிட்டு அழுதது. "ஓடுறேன் ஓடுறேன்னு பாலெல்லாம் வத்திப் போச்சு" என்றாள் மாமியார் சொர்ணம். சொர்ணம் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள்.

தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் என்றிருக்கையில் சுடர்விழி மைதானத்திலேயே கண் இருட்டி விழுந்தாள். முத்துராமன் பயந்துபோய் அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இவங்களுக்கு முட்டியும் வலிக்குதுங்க டாக்டர்" என்று அவனே சொன்னான். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பிசியோதெரபி அறையில் இருந்தவள் பெயர் பரிமளா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுடர்விழியை நடக்கச் சொன்னாள், குந்தி உட்காரச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். பிறகு எக்ஸ்ரேயை உறையில் போட்டுவிட்டு, முத்துராமனிடம், "சார், பாப்பாவ வச்சுக்கிட்டுச் செத்த வெளிய இருங்க" என்றாள். கதவு சாத்தியதும் கேட்டாள்.

"முட்டி நல்லா இருக்கு. குதிக்கும்போது யூரின் சொட்டுதா?"

"இல்லங்க."

"சரி."

பரிமளா வேறு எதுவும் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த 'சரி'தான் தாங்க முடியவில்லை. சுடர்விழி எழுந்து கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திரும்பாமலே, "சொட்டுதுங்க. ஓடுறப்பவும். அப்புறம் என்னமோ கீழ எறங்குற மாதிரி இருக்கு" என்றாள்.

மகப்பேறு டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். மூத்திரப்பை கொஞ்சம் கீழே சரிந்திருக்கிறது, ஆபரேஷன் அளவுக்கெல்லாம் இல்லை, பயிற்சியில் தேற வாய்ப்பு நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பரிமளா அவளைப் படுக்கவைத்து, சம்மதம் கேட்டுக் கையுறை போட்டுக்கொண்டு, "இப்ப இறுக்குங்க பாப்போம்" என்றாள். சுடர்விழி பல்லைக் கடித்தாள்.

"நிறுத்துங்க. நீங்க இறுக்கல. முக்குறீங்க."

"இல்லங்க, இறுக்குறேன்."

"கீழ தள்ளுறீங்கம்மா. மலச்சிக்கலுக்கு முக்குற மாதிரி. எத்தன நாளா இப்படிச் செய்றீங்க?"

சுடர்விழி கூரையைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்த அத்தனை நாளும் நினைவுக்கு வந்தது. கண் ஓரம் நனைந்து, நீர் காதுக்குள் ஓடியது.

"உங்க மேல தப்பில்ல, பாதிப் பேரு அப்படித்தான் செய்றாங்க. எல்லார் முன்னாடியும் காத்துப் பிரியப் போகுதுன்னு வைங்க, அத எப்படி அடக்குவீங்க? அது. வயித்த இறுக்க வேணாம், தொடையச் சேக்க வேணாம். மூச்ச விட்டுக்கிட்டே உள்ளுக்கு, மேலுக்கு. ம். அதான். இப்ப விடுங்க. முழுசா விடுங்க. விடுறதும் பயிற்சிதான்."

ஒரு மெல்லிய அசைவு. ஒரு சின்னப் பறவை சிறகை ஒடுக்கிக்கொள்வதுபோல. அவ்வளவுதானா என்று இருந்தது. அவ்வளவுதான் என்றாள் பரிமளா. இருமுவதற்கு முன்னால், பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் செய்யவேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். தேறுவதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்.

"டெஸ்ட் அடுத்த மாசம் மேடம். லாங் ஜம்ப் இருக்கு." சுடர்விழி எழுந்து உட்கார்ந்தாள். "நான் டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஓடுனவ மேடம்."

பரிமளா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "குதிச்சா என்ன ஆகும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாமயும் போகலாம். ஆனா நீங்க என் தங்கச்சியா இருந்தா, இப்பக் குதிக்காதன்னுதான் சொல்லுவேன்."

வீடு திரும்பும்போது "என்ன சொன்னாங்க" என்று முத்துராமன் கேட்டான். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள். அது பொய்யில்லை.

அதன் பிறகு அவள் வெங்காயம் உரிக்கும்போதும், பால் கொடுக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தப் பறவையைத் தேடினாள். சில சமயம் அகப்பட்டது. காலையில் மைதானத்துக்குப் போனாள், நடந்தாள், மெதுவாக ஓடினாள். மணல் பக்கம் போகவில்லை. முத்துராமன் முதலில் கேட்டான், பிறகு கேட்பதை நிறுத்தினான். அவன் கேட்காமல் இருப்பது வீட்டுக்குள் அடுப்புப் புகைபோல நின்றது.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவன் கைகழுவக்கூடப் போகவில்லை. கிரீஸ் கையோடு வாசற்படியில் நின்றான். சொர்ணம் உள்ளே ஒரு காலை மடக்கி, ஒருக்களித்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எக்ஸ்ரேல முட்டிக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சு. அப்புறம் ஏன் தாண்ட மாட்டேங்குற?"

"அன்னைக்குத் தாண்டிக்கிறேன்."

"பழகாமத் தாண்டிருவியா? பயந்துட்ட. அதச் சொல்லிட்டுப் போ. நான் ஊரெல்லாம் சொல்லி வச்சுருக்கேன்."

"நானா சொல்லச் சொன்னேன்?"

"யாருக்காகச் சொன்னேன்? காலங்காத்தால எந்திரிச்சு யாருக்காக அந்தக் குழிய வெட்டுனேன்?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் போய் இறக்கியிருக்கலாம். ஆனால் அவனுடைய குரலில் இருந்த அந்த 'யாருக்காக' அவளைப் பிடித்து நிறுத்தியது. "மூத்திரம் ஒழுகுது" என்றாள். "எம்புனா ஒழுகுது. தும்முனா ஒழுகுது. பாப்பா பொறந்ததுல இருந்து. உள்ள எறங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் மணல்ல உக்காந்து எந்திரிக்காம இருந்தது முட்டி வலியினால இல்ல."

"வாய மூடுத்தா" என்றாள் சொர்ணம். "ஆம்பள முன்னாடி பேசுற பேச்சா இது?"

முத்துராமனுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபத்தோடு வந்தவனுக்கு அதை வைக்க இடம் இல்லாமல் போனது. தணிந்த குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல, "ஒரே ஒரு நாளுதான சுடரு? மாத்திரை எதாச்சும் வாங்கிப் போட்டுக்கிட்டுத் தாண்டிரு. அதுக்கப்புறம் திருச்சில, எங்க வேணாலும் காட்டுவோம்" என்றான்.

அவள் எதிர்பார்த்தது இதைத்தான். அவளே தனக்குள் எத்தனையோ முறை சொல்லிக்கொண்டதும் இதைத்தான். ஒரே ஒரு நாள்.

"தாண்டச் சொல்லாதடா."

இருவரும் திரும்பினார்கள். சொர்ணம் கீரைக்காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒன்னையப் பெத்துப் பதினாறு நாளு தீட்டுக் கழிஞ்ச மறுநாளு நடவுக்குப் போனேன். நாத்துக்கட்டத் தூக்கித் தலையில வைக்கிறப்ப எறங்குச்சு. தக்காளிப்பழம் கணக்கா. கையால உள்ள தள்ளிட்டு நட்டேன். இன்னைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் ஒக்காருறேன். ஒங்கப்பன் என்னையச் சோம்பேறின்னான். மண்ணுக் கூடையத் தூக்க மாட்டா, ஒடம்பு நோகாதவளாம்னு ஊரே சொல்லுச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

கீரையை உருவும் கை நிற்கவே இல்லை. நூறு நாள் வேலைக்குப் போனால் மண்வெட்டிப் பக்கம் போகாமல் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கேட்டுச் சண்டை போடுகிறவள். கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்காராதவள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருகிறவள். திமிர் என்று சுடர்விழியும்தான் நினைத்திருந்தாள். பிள்ளை தவழ்ந்து வந்து கீரைக் குவியலில் கை வைத்தது. யாரும் தடுக்கவில்லை. முத்துராமன் குழாயடிக்குப் போனான். கிரீஸ் போன பிறகும் அங்கே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவன்தான் கேட்டான். "போகலையா அப்ப?"

"போவேன்" என்றாள் சுடர்விழி. "அங்க என்ன செய்யணும்கிறத நான் பாத்துக்குறேன். அத மட்டும் எனக்கு விட்ருங்க."

தேர்வன்று நான்கு பேருமாகப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டும், அதனால் சொர்ணமும் வந்தாள். மைதானத்துக்குள் தேர்வுக்கு வந்தவர்களை மட்டும்தான் விட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் மூவரையும் விட்டுவிட்டு, சுடர்விழி மார்பில் எண் குத்திக்கொண்டு உள்ளே போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இலுப்பூரிலிருந்து வந்த சரண்யா என்ற பெண். கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாமல் பேசினாள். பயத்தில் பேசுகிறாள் என்று தெரிந்தது.

ஓட்டத்தில் முதல் வளைவு தாண்டுவதற்குள் ஒழுகத் தொடங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் இத்தனை நாளும் அந்த இடத்தில்தான் அவள் தொடையை இறுக்குவாள், வேகம் குறையும். இன்று பக்கத்தில் ஓடியவளின் தோள் அவளைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். ஒழுகட்டும் என்று விட்டாள். விட்டதும் கால் நீண்டது. காற்று காதில் விழுந்தது. நெடுநாளாகப் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது. கோட்டைத் தாண்டிக் குனிந்து மூச்சு வாங்கும்போது, நேரம் பார்த்த போலீஸ்காரம்மா அவள் எண்ணைச் சொல்லி "பாஸ்" என்றாள். சுடர்விழி கழிப்பறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டாள். பையிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

நீளம் தாண்டுவதற்கு ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. சரண்யா முதல் முறையிலேயே தாண்டிவிட்டு அழுதாள். சுடர்விழியின் முறை வந்தது. ஓடி வந்தாள். பலகைக்கு முன்னால் மூச்சை விட்டாள், உள்ளுக்கும் மேலுக்கும் இழுத்தாள், எம்பினாள். காற்றில் கால் நீண்டது. இறங்கினாள். டேப்பை இழுத்தார்கள். ஒரு சாண் குறைவு.

நனையவில்லை. அதை முதலில் கவனித்தாள். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு எழுந்து நின்றபோது அது தெரிந்தது. இதுவரை யோசித்துக்கொண்டு நின்றது இப்போது யோசிக்கவில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உரசியது.

"சாண் தூரந்தான்க்கா" என்றாள் சரண்யா. "அடுத்ததுல போயிருவீங்க. சத்தியமா."

போய்விடலாம் என்று சுடர்விழிக்கும் தெரிந்தது. பலகையில் கால் சரியாக விழவில்லை, அதைச் சரிசெய்தால் போதும். அவளுக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். ஒருத்தி ஓடினாள், மணல் தெறித்தது. இன்னொருத்தி. ஒரே ஒரு நாள். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்தாலும் மறுபடி எழுதவேண்டும், பாஸாகவேண்டும். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். சோம்பேறி என்பார்கள், பயந்துவிட்டாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று முப்பது வருஷம் ஒருத்தி சும்மா இருந்திருக்கிறாள், ஆனால் அவள் நாற்றுக்கட்டைத் தூக்கிவிட்டாள். அடுத்தவள் ஓடினாள். வயிற்றில் பயம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தாள். பயம்தான். ஆனால் எதைப் பார்த்துப் பயம் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஓடத் தொடங்கும் இடத்துக்குப் போகாமல், தூரத்தைக் குறித்துக்கொண்டிருந்த போலீஸ்காரம்மாவின் மேசைக்குப் போனாள்.

"எனக்குப் போதும் மேடம்."

"இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்கும்மா."

"தெரியும் மேடம்."

"அடிபட்ருச்சா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம். "இல்லங்க மேடம். பிள்ளை பெத்து ஏழு மாசம் ஆகுது. கீழ எறங்குது. இனித் தாண்டுனா நல்லதில்ல."

பக்கத்தில் டேப் பிடித்திருந்த ஆண் போலீஸ் வேறுபக்கம் பார்த்தார். அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி சுடர்விழியை நிமிர்ந்து பார்த்தாள். தாளைத் திருப்பி, "இங்க கையெழுத்துப் போடும்மா" என்றாள். சுடர்விழி திரும்பி நடந்தபோது, "பாத்துப் போ" என்றாள்.

வேப்பமரத்தடியில் முத்துராமன் எழுந்து நின்றான். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றான்.

"ஓட்டத்துல பாஸ். தாண்டல்ல ஒரு சாண் கொறஞ்சுபோச்சு."

"மிச்சம் ரெண்டு?"

"தாண்டல."

அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தான். பின்னால் இரண்டு பெண்களும் மெதுவாக நடந்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடியெடுத்து வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அரிமளம் பஸ் நின்றது. சொர்ணம் அதைப் பார்த்துப் போகும்போது சுடர்விழி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தை, இங்கிட்டு."

"எங்கிட்டு?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்கும் காட்டணும். ஒங்களுக்கும்."

"எனக்கு என்னத்துக்கு? வயசு போச்சு. இனிமே அது வந்தா என்ன, போனா என்ன. ஏத்தா, கைய விடு. ஊரு பாக்குது." சொர்ணம் கையை இழுத்தாள். சுடர்விழி விடவில்லை. பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறலையா" என்று கத்தினார். முன்னால் போன முத்துராமன் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. காலைக் கீழே இறக்கினான்.

"போ ஆத்தா" என்று அம்மாவிடம் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் மத்தியானக் கூட்டம். சுடர்விழியைப் பார்த்த பரிமளா எதுவும் திட்டவில்லை. மகப்பேறு டாக்டர் சுடர்விழியைப் பார்த்துவிட்டு, ஓய்வும் பயிற்சியும் என்றார். சொர்ணத்தை வெகுநேரம் பார்த்தார். இது பயிற்சியில் மட்டும் போகாது, வளையம் வைக்கலாம், ஆபரேஷனும் செய்யலாம், அடுத்த வாரம் வந்து பேசலாம் என்றார். அதுவரை மூச்சையும் தசையையும் பழகிக்கொள்ளட்டும் என்று பரிமளாவிடம் அனுப்பினார்.

சுடர்விழி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். முத்துராமன் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான். "அடுத்த அறிவிப்பு எப்ப வரும்?" என்று ஜன்னலிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"தெரியல."

உள்ளே மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் சொர்ணத்தின் குரல் கேட்டது. "அது எங்கிட்டு இருக்குன்னே தெரியலையே தாயி." இத்தனை மெதுவாக அவள் பேசி இருவரும் கேட்டதில்லை. "போகப் போகத் தெரியும்மா, அவசரம் வேணாம்" என்றாள் பரிமளா. "மூச்ச விடுங்க."

துணிக்குக் கீழே நாற்காலியின் கால்களும் சொர்ணத்தின் பாதங்களும் தெரிந்தன. வெடித்த குதிகால்கள் தரையை அழுத்தின. விரல்கள் மடங்கி சிமெண்டைப் பற்றிக்கொண்டன.

"கால அழுத்தாதீங்கம்மா. கால விட்ருங்க. உள்ள மட்டும்."

விரல்கள் பிரிந்தன. மறுபடி மடங்கின, மறுபடி பிரிந்தன. முத்துராமன் திரும்பிவிட்டிருந்தான். பிறகு பாதங்கள் அசையாமல் நின்றன. வெளியிலிருந்து பார்க்க அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

"ம்" என்றாள் பரிமளா உள்ளே. "அதான்."